லாரி பேக்கர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாரி பேக்கர் யார்?

லாரன்ஸ் வில்ஃப்ரட் பேக்கர் ஒரு கட்டடக் கலைஞர். 1917 மார்ச் 2 அன்று இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். 1945-இல் வேலைக்காக இந்தியா வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். மலையாளப் பெண்ணை மணந்தார், இந்தியக் குடியுரிமை பெற்றார், 2007 ஏப்ரல் 1 அன்று தன் 90-ஆவது வயதில் திருவனந்தபுரத்தில் காலமானார். இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் குடிசைக்குப் பதிலாகக் கட்டிய சிறு வீடுகள் தொடங்கி ஆய்வு நிறுவனம், தேவாலயம், காபி கடை வரை நூற்றுக்கணக்கான கட்டடங்களை எழுப்பினார். எல்லாவற்றிலும் அவருக்கு ஒரே பிடிவாதம்தான்: தேவையில்லாத ஒரு கல்லையும் வைக்கக் கூடாது.

பூசாத செங்கல் வீடுதானே "பேக்கர் வீடு"?

ஊரில் அப்படித்தான் சொல்கிறார்கள். பாதி உண்மை. இப்போது கான்கிரீட் தூண் எழுப்பி, சுவர் கட்டி, சிமெண்ட் பூசி, அதன்மேல் செங்கல் போன்ற ஓடுகளை ஒட்டி "பேக்கர் ஸ்டைல்" என்று விற்கிறார்கள். அதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை. அவர் பூச்சை விட்டதே பூச்சு தேவையில்லை என்பதால். பூசிய சுவரின் மேல் செங்கலை ஒட்டினால் ஒரே சுவருக்கு மூன்று முறை செலவாகிறது. பார்ப்பதற்கு எப்படி இருக்கிறது என்பதை வைத்து பேக்கர் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது. கட்டும்போது "இது வேண்டுமா?" என்று எத்தனை முறை கேட்டார்கள் என்பதில்தான் அது இருக்கிறது.

இந்தியாவுக்கு எப்படி வந்தார்?

நேராக வரவில்லை. பர்மிங்காமில் கட்டடக் கலை படித்து முடித்த கொஞ்ச காலத்திலேயே இரண்டாம் உலகப் போர் வந்தது. பேக்கர் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்திருந்தார். போரில் ஆயுதம் தொடுவதில்லை என்பது அவர்களுடைய கொள்கை. அதனால் அவர் குவேக்கர்கள் நடத்திய மருத்துவ உதவிப் படையில் சேர்ந்து சீனாவுக்குப் போனார். கட்டடம் படித்தவர் அங்கே அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுத்தார், தொழுநோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். உடம்பு கெட்டுப்போகவே ஊருக்குத் திரும்பச் சொன்னார்கள். கப்பலுக்காக பம்பாயில் சில மாதம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்தக் காத்திருப்பில்தான் காந்தியைச் சந்தித்தார். பேக்கர் அன்று சீனத்தில் செய்த துணிச் செருப்பு போட்டிருந்தார். வீணான துணித் துண்டுகளை அடுக்கித் தைத்த செருப்பு அது. காந்தியின் கண் முதலில் போனது அதன் மேல்தான். அதைப் பற்றி அக்கறையாக விசாரித்தார். பேச்சு அங்கிருந்து வீடுகளுக்குப் போனது. ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள்களை அந்த இடத்திலிருந்து ஐந்து மைல் சுற்றளவுக்குள் எடுப்பதே சிறந்தது என்று காந்தி சொன்னதைப் பேக்கர் கடைசிவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊருக்குப் போனவர் 1945-இல் திரும்பி வந்துவிட்டார். தொழுநோய்க்கு அப்போதுதான் புது மருந்துகள் வர ஆரம்பித்திருந்தன. நோயாளிகளை அடைத்து வைக்கும் விடுதிகளை, குணப்படுத்தி அனுப்பும் மருத்துவமனைகளாக மாற்ற வேண்டியிருந்தது. அந்த வேலைக்கு ஒரு கட்டடக் கலைஞர் தேவைப்பட்டார்.

வரும்போதே சிக்கனமாகக் கட்டத் தெரிந்திருந்ததா?

இல்லை. அவர் வாழ்க்கையில் எனக்கு மிகப் பிடித்த பகுதியே இதுதான். பர்மிங்காமில் கற்றது இங்கே உதவவில்லை என்பதை அவரே வெளிப்படையாகச் சொன்னார். கரையான் எப்படி அரிக்கும், பருவமழை சுவரை எப்படி அடிக்கும், செம்மண்ணில் எதைச் சேர்த்தால் இறுகும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை. ஊர்க் கொத்தனாருக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது. பேக்கர் அவர்களிடம் போய்க் கேட்டார்.

தொழுநோய் மருத்துவமனை வேலையில் இருந்தபோது டாக்டர் எலிசபெத் ஜேக்கப்பைச் சந்தித்தார். குஞ்ஞி என்பது அவருடைய செல்லப் பெயர். 1948-இல் திருமணம். பிறகு இருவரும் இமயமலையில் பித்தோராகட் பக்கம் போனார்கள். டாக்டர் ஒருவர் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் மலைவாசிகள் நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். சில நாளுக்கென்று போனவர்கள் சுமார் 15 ஆண்டுகள் அங்கேயே இருந்துவிட்டார்கள். மனைவி வைத்தியம் பார்த்தார். கணவர் மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் கட்டினார், மருத்துவமனையில் கூடமாட வேலையும் செய்தார்.

அந்த மலை வீடுகள் அவருக்குப் பள்ளிக்கூடமாக அமைந்தன. அங்கேயே உடைத்த கல், அங்கேயே வெட்டிய மரம், காலடி மண். சரிவைச் சமப்படுத்தாமல் சரிவோடு சேர்ந்தே நிற்கும் வீடுகள். பல நூறு ஆண்டுகள் தவறு செய்து, திருத்தி, மீண்டும் கட்டிப் பார்த்து வந்த அறிவு அது என்று அவருக்குப் புரிந்தது. பட்டம் வாங்கிய ஒருவர் அந்த அறிவுக்கு முன்னால் 15 ஆண்டுகள் மாணவராக இருந்திருக்கிறார். அவரைக் கொண்டாடும் பலரும் இந்த 15 ஆண்டுகளை இரண்டு வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

கேரளத்துக்கு எப்போது வந்தார்?

1963-இல். முதலில் வாகமண் மலைப்பகுதி, பிறகு 1970 வாக்கில் திருவனந்தபுரம். பெரும்பாலானவர்கள் ஓய்வைப் பற்றி யோசிக்கும் வயதில் அவருடைய முக்கியமான வேலை தொடங்கியது.

எலிப்பொறிக் கட்டு என்றால் என்ன?

பேக்கர் கேரளத்தில் பரப்பிய செங்கல் அடுக்கும் முறை. வழக்கமாகக் கொத்தனார் செங்கலைப் படுக்க வைத்து அடுக்குவார். இதில் செங்கலைப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைக்கிறார்கள். வெளிப்பக்கம் ஒரு செங்கல், உள்பக்கம் ஒரு செங்கல், இரண்டுக்கும் நடுவில் சுமார் 3 அங்குலம் காலியிடம். அடுத்து ஒரு செங்கல் குறுக்கே நின்று இரண்டையும் பிணைக்கும். மேலிருந்து பார்த்தால் சின்னச் சின்னப் பெட்டிகளாகத் தெரியும். பெயர் அதனால்தான். சுவரின் கனம் அதே 9 அங்குலம்தான். ஆனால் 100 செங்கல் போகிற இடத்தில் ஏறத்தாழ 75 போதும். கலவையும் குறைவாகவே செலவாகும்.

இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் வீட்டின் பின்புறம் ஓர் அறையை இந்த முறையில் எழுப்பினோம். வந்த கொத்தனாருக்கு அறுபது வயதிருக்கும். நாலு வரிசை வைத்ததும் கரணையைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, உள்ள இவ்வளவு காலி விட்டா எலியே குடிவந்துராதா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அடியிலும் மேலேயும் மூலைகளிலும் ஜன்னல் ஓரங்களிலும் கெட்டியாக அடைத்துக் கட்டுவார்கள், உள்ளே போக வழியே இருக்காது என்று படம் வரைந்து காட்டினேன். ஒத்துக்கொண்டார். கலவை உள்ளே விழாமலிருக்க ஒரு பலகைத் துண்டை அந்தக் காலியிடத்தின் மேல் வைத்துக்கொண்டு வேலை செய்வது அவருடைய சொந்த யோசனை. மூன்றாம் நாள் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கொத்தனார் அண்ணாச்சியே, பக்கத்தில் நின்ற பையனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த அறையின் மேற்குச் சுவரில் சாயங்காலம் நாலு மணிக்கு வெளியே கை வைத்தால் சுடும். உள்பக்கம் தொட்டால் அந்தச் சூடு இருக்காது. நடுவில் இருக்கிற காற்று செய்கிற வேலை அது.

பலமாக இருக்குமா?

இரண்டு மாடி வரை சாதாரண வீட்டுக்குத் தாராளமாகத் தாங்கும். செங்கல் நன்றாக வெந்திருக்க வேண்டும், அளவும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கோணல் செங்கலை வைத்து இந்தக் கட்டு கட்டவே முடியாது.

கூரைத் தளத்துக்குள் ஓடு வைப்பது எதற்கு?

கான்கிரீட் தளத்தின் மேல்பகுதி அழுத்தத்தைத் தாங்கும். கீழ்ப்பகுதியில் இழுவிசை வரும். கான்கிரீட்டால் இழுவையைத் தாங்க முடியாது, அங்கே கம்பிதான் வேலை செய்கிறது. அப்படியானால் கம்பிகளுக்கு நடுவில் கீழே கிடக்கிற கான்கிரீட் சும்மா கிடக்கும் பாரம். அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்துவிட்டு மேலே கான்கிரீட் போட்டால், கான்கிரீட் குறையும், தளத்தின் எடை குறையும், ஓடுகளுக்கு நடுவே அடைபட்ட காற்று வெயிலைத் தடுக்கும். அண்ணாந்து பார்த்தால் ஓட்டின் சிவப்பு கட்டம் கட்டமாகத் தெரியும். இதையும் கணக்குப் போட்டுத்தான் செய்ய வேண்டும். கம்பி இடைவெளியைப் பொறியாளர் சொல்லாமல் கொத்தனாரும் நீங்களுமாக முடிவு செய்யாதீர்கள்.

ஜன்னலுக்குப் பதில் சுவரில் ஓட்டை விடுவது ஏன்?

ஒரு சதுர அடி ஜன்னலுக்கு ஆகும் செலவு, அதே இடத்தில் சுவர் எழுப்பும் செலவைப் போலப் பத்து மடங்கு வரை போகலாம் என்று அவர் கணக்குச் சொன்னார். மரம், கண்ணாடி, கம்பி, கீல், கொக்கி, தச்சர் கூலி என்று கூட்டிப் பாருங்கள். செங்கல்களுக்கு நடுவில் இடைவெளி விட்டுக் கட்டும் ஜாலிக்கு இதெல்லாம் வேண்டாம். காற்று வரும், வெளிச்சம் கண்ணைக் கூசாமல் துண்டு துண்டாக விழும். செங்கலே கம்பியின் வேலையையும் பார்த்துக்கொள்ளும்.

கொசு வருமா என்றால், வரும். வலை அடிக்க வேண்டும். சாரல் நேராக அடிக்கிற பக்கம் ஜாலி வைத்தால் தரை நனையும். இடம் பார்த்து வைக்க வேண்டிய விஷயம் இது.

ஜன்னல் வேண்டிய இடத்திலும் சட்டம், நிலை எல்லாம் இல்லாமல் ஒரே பலகையை மேலும் கீழும் ஒரு முளையில் நிறுத்திச் சுழலவிட்டார். கீல்கூட இல்லை. திறந்தால் இரண்டு பக்கமும் காற்று வரும்.

வளைந்த சுவர்கள் ஏன்? அழகுக்கா?

அழகும்தான். ஆனால் முதலில் கணக்கு. 40 அடி சுவரைச் சதுரமாகக் கட்டினால் உள்ளே 100 சதுர அடி கிடைக்கும். அதே 40 அடியை வட்டமாக வளைத்தால் 127 சதுர அடி. அதே செங்கல், அதே கூலி, 27 சதுர அடி கூடுதல். அதோடு வளைந்த சுவர் தானாகவே உறுதியாக நிற்கும். ஒரு காகிதத்தை நிமிர்த்தி வைத்தால் விழுந்துவிடும், வளைத்து வைத்தால் நிற்கும், அதே போலத்தான். கட்டில், பீரோவை எங்கே போடுவது என்பது உண்மையான சிக்கல். அதற்காகவே சில வீடுகளில் சுவரோடு சேர்த்து இருக்கையும் அலமாரியும் கட்டிவிட்டார்.

வசதியில்லாதவர்களுக்கு மட்டும்தான் கட்டினாரா?

அவர்களுக்காகத்தான் தொடங்கினார். திருவனந்தபுரம் பூந்துறையில் 1970-களில் மீனவர்களுக்கு வீடுகள் கட்டினார். அரசுக் குடியிருப்புகளைப் போலத் தீப்பெட்டி அடுக்காக வரிசையில் நிறுத்தவில்லை. முன்னும் பின்னுமாகத் தள்ளித் தள்ளி வைத்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் கடற்காற்று கிடைத்தது. வீடுகளுக்கு நடுவில் உண்டான சின்ன முற்றங்களில் வலை காயப் போடலாம், பிள்ளைகள் விளையாடலாம். மீனவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வரைந்த ஒருவரால்தான் இப்படி யோசிக்க முடியும்.

அதே காலத்தில் உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையத்தைக் கட்டினார். இங்கே உள்ளூர் என்பது திருவனந்தபுரத்தில் ஒரு பகுதியின் பெயர். பொருளாதார அறிஞர் கே. என். ராஜும் அன்றைய முதலமைச்சர் அச்சுத மேனனும் அவருக்குத் துணையாக நின்றார்கள். 10 ஏக்கர் மேட்டுநிலம். மேட்டை வெட்டவில்லை, முடிந்தவரை மரங்களையும் வெட்டவில்லை. கட்டடங்களே சரிவோடு ஏறி இறங்குகின்றன, மரம் நிற்கிற இடத்தில் சுவர் வளைந்து கொடுக்கிறது. குறைந்த செலவு என்றால் மட்டமான கட்டடம் என்று நினைக்கிறவர்களை நான் அங்கேதான் அனுப்புவேன். 1985-இல் இதே மூவரும் வேறு சிலரும் சேர்ந்து தொடங்கிய காஸ்ட்ஃபோர்ட் என்ற அமைப்பு இன்றும் இந்த முறைகளில் வீடு கட்டிக் கொடுக்கிறது.

எப்படி வேலை செய்வார்?

பெரிய அலுவலகம் கிடையாது. வந்த கடித உறைகளின் பின்பக்கம், ஒருபக்கம் அச்சான தாள் என்று கையில் கிடைத்ததில் வரைவார். படத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்காமல் கட்டுமிடத்துக்கே போய் நிற்பார். அங்கே கொத்தனாரோடு பேசி, வேண்டுமென்றால் சுவரை அங்கேயே மாற்றுவார். செலவைக் குறைப்பது எப்படி என்று கையாலேயே எழுதி, கேலிச்சித்திரம் மாதிரிப் படம் போட்டுச் சின்னக் கையேடுகளாக வெளியிட்டார். சாதாரண ஆளுக்குப் புரிய வேண்டும் என்பதுதான் நோக்கம்.

இதனாலேயே அவரைக் கட்டடக் கலைஞராகவே மதிக்காத பொறியாளர்களும் இருந்தார்கள். செலவு குறைந்தால் கட்டணமும் குறையும் என்கிற தொழிலில் இது நடக்காமலிருந்தால்தான் ஆச்சரியம்.

எங்கே போய்ப் பார்க்கலாம்?

ரயிலில் திருவனந்தபுரம் போனால் முதலில் தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ். ரயில் நிலையத்துக்கு எதிரே, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு உருளை நிற்கும். உள்ளே மாடி என்றே ஒன்று இல்லை. தரையே சுற்றிச் சுற்றிச் சரிவாக மேலே ஏறுகிறது. வெளிச்சுவரை ஒட்டி, சுவரோடு சேர்த்தே கட்டிய மேசைகளும் இருக்கைகளும். தரை சரிந்திருந்தாலும் மேசை மட்டமாக இருக்கும், டம்ளர் நகராது. ஒவ்வொரு மேசைக்கும் பக்கத்துச் சுவரில் ஜாலி. காபி வரும்வரை பஸ் நிலையத்தின் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். உட்கார்ந்தவர்கள் வெளியே பார்க்கிறார்கள், வெளியே இருப்பவர்களுக்கு உள்ளே ஆள் இருப்பதே தெரிவதில்லை. நாற்காலி வாங்கவில்லை, படிக்கட்டு கட்டவில்லை, சிறிய மனையில் இவ்வளவு பேரை உட்கார வைத்திருக்கிறார். நான் போகும்போதெல்லாம் மேலேவரை ஒரு முறை நடந்துவிட்டுத்தான் உட்காருவேன்.

அப்புறம் ஸ்ரீகாரியத்தில் லயோலா தேவாலயம். உயரமான ஜாலிச் சுவர்கள் வழியே வெளிச்சம் வந்து விழுவதை அங்கே பொறுமையாக உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

சென்னைக்காரர்கள் கேரளம் வரை போகத் தேவையில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில், 1996-இல் திறந்த தட்சிணசித்ரா என்ற பாரம்பரிய வீடுகளின் அருங்காட்சியகத்தின் வடிவமைப்பிலும் பேக்கரின் கை இருக்கிறது. பலர் செட்டிநாட்டு வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை மற்ற கட்டடங்களின் செங்கல் வேலையையும் கொஞ்சம் நின்று பாருங்கள்.

அவர் எந்த மாதிரி வீட்டில் இருந்தார்?

நாலாஞ்சிறையில், யாரும் வீடு கட்ட யோசிக்காத பாறைச் சரிவில். பெயர் "தி ஹேம்லெட்", சிற்றூர் என்று பொருள். பாறையை உடைக்காமல் அதன் மேலேயே அறை அறையாக, பல ஆண்டுகளில், தேவைப்பட்டபோது சேர்த்துக்கொண்டே போனார். பழைய வீடுகளை இடித்தபோது கிடைத்த மரம், உடைந்த பானை ஓடு, வெளிச்சத்துக்காகச் சுவரில் பதித்த கண்ணாடிப் புட்டி என்று ஊர் தூக்கியெறிந்தவை அங்கே சுவராகவும் கதவாகவும் இருக்கின்றன.

நம் ஆட்களுக்கு முன்பே தெரிந்ததுதானே? வெள்ளைக்காரர் சொன்னதால்தான் கேட்டோமா?

இந்தக் கேள்வி என்னைப் பல நாள் உறுத்தியது. இதில் உண்மை இருக்கிறது. தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனையின் இடைவெளி விட்ட மரத் தடுப்புகளைப் பார்த்தவர்களுக்கு ஜாலி புதிதல்ல. சுண்ணாம்புக் காரையும் மண்சுவரும் ஓட்டுக்கூரையும் நம் தாத்தா கைப்பட்டவை. ஓட்டைப் பிரித்துப்போட்டுவிட்டுத் தளம் போட்டால்தான் மரியாதை என்று ஒரு காலம் வந்தது. அந்த நேரத்தில் ஒரு வெளிநாட்டவர் வந்து "உங்களிடம் இருப்பது நல்லது" என்றார். உள்ளூர்க் கொத்தனார் ஒருவர் அதையே சொல்லியிருந்தால் கேட்டிருப்போமா என்றால், மாட்டோம். அது நம் குறை.

ஆனால் அவர் பங்கு வெறும் சொல் மட்டுமல்ல. தெரிந்ததைத் தூக்கிப் பிடித்ததோடு நிற்காமல் ஒவ்வொன்றையும் கணக்குப் போட்டுப் பார்த்தார். கான்கிரீட்டையும் ஒதுக்கவில்லை, தேவையான இடத்தில் தேவையான அளவு போட்டார். எங்கே கற்றேன் என்பதை மறைக்கவும் இல்லை. வந்தேறியாக வந்த இடத்தில் கற்றுக்கொடுக்கும் உரிமை தனக்கு இருப்பதாக நினைக்காமல், முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டவர்.

அரசு கௌரவித்ததா?

1990-இல் பத்மஸ்ரீ. அதற்கு முன்பே பிரிட்டிஷ் அரசும் விருது கொடுத்திருந்தது.

இன்றைக்கும் செங்கல் வீடு சரியா?

அவர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டால் சரியில்லை. சூளைக்கு விறகு வேண்டும், வயலின் மேல்மண் வேண்டும். உங்கள் ஊரில் நல்ல செங்கல் 200 கிலோமீட்டர் தள்ளி இருந்து வருகிறதென்றால் அது பேக்கர் வழியே அல்ல. அவரே ஒரு பொருளைத் தயாரிக்க எவ்வளவு எரிபொருள் போகிறது என்று பார்க்கச் சொன்னவர்தான். மண்ணை அழுத்திச் செய்யும் கட்டிகளோ பக்கத்துக் குவாரிக் கல்லோ உங்களுக்குப் பொருந்தலாம்.

நான் இப்படி வீடு கட்ட வேண்டும் என்றால் எங்கே தொடங்குவது?

ஊரில் என்ன பொருள் கிடைக்கிறது என்று சுற்றிப் பாருங்கள். அப்புறம் கொத்தனாரைத் தேடுங்கள், வரைபடம் பிறகு. ஒயர் குழாய்கள் எங்கே போகும் என்று சுவர் எழும்புவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள், பூசாத சுவரைப் பின்னால் வெட்டினால் அசிங்கமாக இருக்கும். மழை அடிக்கிற பக்கம் கூரையை நன்றாக வெளியே நீட்டச் சொல்லுங்கள், பூசாத சுவருக்கு அதுதான் குடை. இணைப்புகளைக் கலவையால் அன்றன்றைக்கே தேய்த்து முடிக்கச் சொல்லுங்கள்.

வீட்டைத் தொடுவதற்கு முன், மனையின் ஓரத்தில் மூன்றடி உயரத்துக்கு ஒரு சின்னச் சுவர் கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கூலி கொடுத்துத்தான். எங்கள் மாதிரிச் சுவர் முதல் தடவை கோணலாகத்தான் வந்தது. அண்ணாச்சியே அதைத் தள்ளிவிட்டு, கலவை காய்வதற்குள் செங்கல்களைத் துடைத்து எடுத்து வைத்தார். மறுநாள் காலையில் நான் போவதற்குள் இரண்டாவது சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக நின்றது.